மூப்பு வேறு, தள்ளாமை வேறு

அன்புள்ள வாசகிக்கு,

கும்பகோணம் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமனாருக்கு வயது 76. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். ஐப்பசியில் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்து வீடு திரும்பியவர், இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. ஒரு நாள் ‘தெம்பு இல்லை’ என்கிறார். மறுநாள் ‘அசதியா இருக்கு’ என்கிறார். வேறு சில நாட்களில் ‘கிறுகிறுன்னு வருது’, ‘கால் ஓயுது’, ‘முன்ன மாதிரி தள்ளல’ என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஜெனரலைஸ்டு வீக்னெஸ்’ என்றும் ‘ஃப்ரெய்ல்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். உறவினர் ஒருவர் இது நரம்புத் தளர்ச்சி என்கிறார், உங்கள் கணவர் வயதானால் இப்படித்தான் என்கிறார், மருந்துக் கடையில் ஒரு பசி டானிக் கொடுத்திருக்கிறார்கள். இவை எல்லாம் ஒன்றையே குறிக்கின்றனவா, ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன, டானிக் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவை ஒன்றையே குறிப்பவை அல்ல. முதியவர் ஒருவர் தன் உடல்நிலையைச் சொல்லத் தேர்ந்தெடுக்கும் சொல் பெரும்பாலும் பொறுப்போடு தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே இருக்கிறது. அவரை அழைத்து வரும் மகனோ மருமகளோதான், மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, எல்லாவற்றையும் ‘ரொம்ப வீக்கா இருக்கார் டாக்டர்’ என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இதயக் கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வும் தசை இழப்பும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்போது, எது எது என்று பிரித்தறிய மருத்துவருக்குக் கூடுதலாகப் பல பரிசோதனைகள் தேவைப்படுகின்றன. ஆகவே உங்கள் மாமனாரின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

களைப்பு என்பது உழைப்பின் விளைவு. நடவு வயலில் நின்றவருக்கும், பேருந்தில் திருச்சி வரை நின்றுகொண்டே போனவருக்கும் களைப்பு வரும்; உட்கார்ந்து தண்ணீர் குடித்து ஓர் இரவு நன்றாக உறங்கினால் அது போய்விடும். சோர்வுக்கு உழைப்பு தேவையில்லை. காலையில் எழும்போதே இருப்பது, ஓய்வெடுத்தாலும் தீராதது, செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையே பின்னுக்கு இழுப்பது சோர்வு. ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, காசநோய், கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஆகியவற்றோடு மனச்சோர்வும் இந்தச் சொல்லைத்தான் உடுத்திக்கொண்டு வருகிறது. முதியவர்கள் மனச்சோர்வை ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது குறைவு. ‘உடம்பே சரியில்லை, ஒண்ணுலயும் பிடிப்பில்லை’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் மாமனார் நாளிதழ் படிப்பதையும் திண்ணையில் வந்து உட்காருவதையும் நிறுத்திவிட்டாரா என்பதைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை, கவனித்துப் பாருங்கள்.

அசதி இவ்விரண்டிலிருந்தும் சற்று விலகி நிற்கும் சொல். அதில் உறக்கமும் கண் சொருகுதலும் கலந்திருக்கின்றன. ஒருவர் திரும்பத் திரும்ப அசதி என்று சொன்னால் நான் முதலில் கேட்பது மருந்துப் பையைத்தான். உறக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரப்படும் பிரகாபலின் போன்றவை முதியவர்களைப் பகல் முழுவதும் அசத்திவிடும். இங்கே உங்கள் டானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பசி டானிக் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பலவற்றில் சைப்ரோஹெப்டடின் என்ற மருந்து இருக்கிறது. அது பசியைக் கொஞ்சம் தூண்டும் என்றாலும் தூக்கக் கலக்கம், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றை முதியவர்களிடம் உண்டாக்கக்கூடியது. பாட்டிலின் மேலட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அசதி தொடங்கிய நாளையும் டானிக் தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டாலும், பல டானிக்குகள் சர்க்கரைப் பாகில் செய்யப்படுபவை. சர்க்கரை நோயாளியின் வீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

அயர்ச்சி, ஆயாசம், பழைய தலைமுறையினர் சிலர் சொல்லும் க்ஷீணம் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றுக்குத் தனியாகப் பொருள் தேட வேண்டியதில்லை.

‘கிறுகிறுன்னு வருது’ என்பது வலுக்குறைவைச் சொல்லும் சொல்லே அல்ல. ஆனால் வீடுகளில் அதையும் பலவீனத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். மயக்கம் என்ற சொல் இன்னும் குழப்பமானது. நினைவு தப்பி விழுவதும், தலைசுற்றலும், கண் இருட்டிக்கொண்டு வருவதும் நம் பேச்சில் மயக்கம்தான். எழுந்து நிற்கும்போது மட்டும் கிறுகிறுக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளிடமும், நெடுநாள் படுத்திருந்தவர்களிடமும், ரத்த அழுத்த மாத்திரைகள் அளவுக்கு மீறிப்போனவர்களிடமும் இது சாதாரணம். முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சத்துமாவு கொடுத்துச் சமாளிக்கும் விஷயம் அல்ல இது.

கைகால் வெலவெலத்து, வியர்த்து, படபடப்பும் சேர்ந்து வந்தால் அது வேறு. உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால், பசி குறைந்த காலத்தில் இது அடிக்கடி நடக்கும்.

இனி பலவீனம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தென்மாவட்டங்களில் பெலவீனம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் ‘ஏலாமல் இருக்கு’ என்பார்கள். பேச்சில் இது எதற்கும் பொருந்தும். மருத்துவர் ‘வீக்னெஸ்’ என்று கண்டிப்பான பொருளில் எழுதினால், தசை உண்மையாகவே வலு இழந்திருக்கிறது என்று அர்த்தம். நோயாளி கையை மடக்க, மருத்துவர் எதிர்த்து இழுத்துப் பார்த்து, அசைவே இல்லாத 0 முதல் முழு வலுவான 5 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. சோர்ந்திருப்பவர் செய்ய விருப்பமில்லாதவர். அவருக்கு இந்தச் சோதனையில் 5 கிடைக்கும். வலுவிழந்தவர் செய்ய விரும்பியும் முடியாதவர். ‘ஜெனரலைஸ்டு வீக்னெஸ்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்படுவது, என் அனுபவத்தில், பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்து எழுதியதாக இருப்பதில்லை. நோயாளி வீக்காக இருக்கிறார் என்று உறவினர் சொன்னதே ஆங்கிலத்தில் திரும்பி வந்திருக்கும். அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையான வலுவிழப்பில், எந்த வேலை முடியவில்லை என்பதுதான் நோயின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பரணிலிருந்து பாத்திரத்தை எடுக்கக் கை தூக்க முடியவில்லை என்றால், தொடையிலும் தோளிலும் உள்ள பெரிய தசைகளில் குறை; வைட்டமின் டி பற்றாக்குறை, தைராய்டு, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றைத் தேடுவோம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரியவில்லை என்றால், அது நுனி நரம்புகளின் குறை. சர்க்கரை நோயாளிகளிடம் செருப்பைப் பற்றி நாங்கள் தவறாமல் கேட்பது இதனால்தான். மாலையாக ஆக இமை தொங்குவதும் மெல்ல முடியாமல் போவதும் வேறொரு அரிய தசைநோயின் அடையாளம். திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டால், அல்லது வாய் கோணி, பேச்சு குழறினால், அது பக்கவாதம். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் முதல் நான்கரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும் என்பதால் அப்போது சொல்லாராய்ச்சி வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

உங்கள் உறவினர் சொன்ன நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லை உங்கள் வீட்டில் இனிப் பயன்படுத்தாமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்வேன். நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது ரத்தக்குழாயையும் குறிக்கிறது, நரம்பையும் குறிக்கிறது. தளர்ச்சி என்பது கை நடுக்கத்தையும் குறிக்கிறது, பயத்தையும் குறிக்கிறது, ஆண்மைக் குறைவையும் குறிக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869-இல் நியூராஸ்தீனியா என்று ஒரு நோயைப் பரப்பினார். நரம்பின் சக்தி தீர்ந்துபோவதாக அவர் எண்ணினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் அது தனி நோயாக இடம்பெறவில்லை. நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் மட்டும் அதன் தமிழ்ப் பெயர் இன்னும் வாழ்கிறது. நடுக்கம் என்றால் நடுக்கம் என்று சொல்லுங்கள், மரத்துப்போகிறது என்றால் அப்படியே சொல்லுங்கள்.

இளைப்பு என்ற சொல்லை உங்கள் மாமனார் பயன்படுத்தியதாக எழுதவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் கடக்க முடியாது. சிலருக்கு அது உடல் மெலிவு, சிலருக்கு மூச்சு வாங்குதல். ‘ரெண்டு மாசமா இளைப்பா இருக்கு’ என்ற ஒரே வாக்கியம், காசநோய்க்கோ புற்றுநோய்க்கோ உடல் கரைவதையும் குறிக்கலாம், இதயம் தளர்ந்து மூச்சு முட்டுவதையும் குறிக்கலாம். ‘எடை குறைஞ்சுதா, மூச்சு வாங்குதா’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தீர்ந்தது. நோய் காரணமாகச் சதையும் கொழுப்பும் சேர்ந்து கரைவதை மருத்துவத்தில் கெகெக்ஸியா என்பார்கள். வெறும் பட்டினியால் வரும் மெலிவைப் போல அது சோறு போட்டால் மட்டும் சரியாவதில்லை.

நோஞ்சான், சவலை என்பவை முதியவர்களுக்குரிய சொற்கள் அல்ல என்றாலும், சவலையைப் பற்றி ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அடுத்த குழந்தை வந்துவிட்டதால் தாய்ப்பாலை இழந்து நலிந்த பிள்ளைதான் சவலைப் பிள்ளை. ஆப்பிரிக்கக் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் குவாஷியார்கர் என்ற பெயரை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அது அங்குள்ள கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். நோயின் காரணத்தையே பெயராக்கியதில் நம் பாட்டிமார்களும் கா மொழித் தாய்மார்களும் ஒரே கருத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் மையத்துக்கு வருவோம். ‘கால் ஓயுது’, ‘முன்ன மாதிரி தள்ளல’ என்று அவர் சொல்வதும், மருத்துவர் ‘ஃப்ரெய்ல்’ என்று எழுதியதும் ஒன்றோடொன்று நெருங்கியவை. தொல்காப்பியத்தின் உரியியல், ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்னும் நான்கையும் ஒரு வரிசையில் வைத்து ‘உள்ளதன் நுணுக்கம்’ என்று பொருள் சொல்கிறது. முன்பு இருந்தது சிறுத்துப்போவது என்பது அதன் கருத்து. முதியோர் மருத்துவத்தில் நலிவு நிலை (ஃப்ரெய்ல்டி) என்று நாங்கள் சொல்வதும், பேச்சில் தள்ளாமை என்று சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு உறுப்பும் அவசரத்துக்கென்று கையிருப்பில் வைத்திருக்கும் வலு குறைந்துபோய், இளையவர் ஒரு வாரத்தில் கடந்துவிடும் காய்ச்சலை முதியவர் மாதக்கணக்கில் கடக்க முடியாமல் நிற்கும் நிலை அது. உங்கள் மாமனாருக்கு நடந்தது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை அளக்க முடியும். அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் 2001-இல் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். முயலாமலே ஓராண்டில் நான்கரைக் கிலோவோ உடல் எடையில் 5 சதவீதமோ குறைவது, தீராத சோர்வு, கையின் பிடிவலு குறைவது, நடை மெதுவாவது, அன்றாட நடமாட்டம் குறைவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு நிலை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசல். எழுபத்தாறு வயதில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் கணவர் சொன்ன ‘வயசானா இப்படித்தான்’ என்பதை நான் ஏற்க முடியாதது இதனால்தான். மூப்பு எல்லோருக்கும் வரும். தள்ளாமை எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களிலும் பலருக்கு ஓரளவு திரும்பிப் போகக்கூடியது. இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டால், திருத்தக்கூடியதும் திருத்த முடியாததன் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று பெயர். 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் கிரேக்கச் சொற்களிலிருந்து உருவாக்கியது. நலிவு நிலையின் முதுகெலும்பு பெரும்பாலும் இதுதான். ஆசிய நாடுகளுக்கென்று 2019-இல் திருத்தப்பட்ட அளவுகளில் சிலவற்றை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். தையல்காரரின் அளவு நாடாவால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்தால் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33-க்கும் குறையக் கூடாது. காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆனால் குறைவு இருக்கிறது. ஆறு மீட்டர் தூரத்தை இயல்பான நடையில் கடக்க ஆறு நொடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டுதான் இவற்றைச் செய்யச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வந்தவரை ‘நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று கட்டிலில் வைத்திருப்பது நம் வீடுகளின் பாசம். ஆனால் 2007-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களின் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயாளிக்கு இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஓய்வு களைப்புக்கு மருந்து. தள்ளாமைக்கு அது நஞ்சு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைக் காலை மாலை பத்துப் பத்து முறை, முதலில் கையூன்றியும் பிறகு ஊன்றாமலும் செய்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, நடை ஆகியவற்றை மெல்ல மெல்லக் கூட்டுவதுதான் தசையைத் திரும்பக் கொண்டுவரும்.

சாப்பாட்டில், அவர் இரண்டு வேளை கஞ்சியும் ஒரு வேளை ரசம் சோறும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வயிற்றுக்கு இதமானது, தசைக்குப் போதாதது. முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம் என்று கணக்குப் போட்டால், கஞ்சி எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறது என்பது விளங்கும். மூன்று வேளையிலும் முட்டை, மீன், தயிர், கெட்டிப் பருப்பு, நன்றாக வேகவைத்து மசித்த சுண்டல் என்று ஏதேனும் ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவை மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. பல் இல்லாததால் அவர் கஞ்சிக்குப் போனாரா என்றும் பாருங்கள். அப்படியானால் பல் மருத்துவர்தான் முதல் வைத்தியர்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ‘வீக்கா இருக்கார்’ என்பதை விட்டுவிட்டு, அவருடைய சொல்லையே அவர் வாயால் சொல்லவிடுங்கள். கூடவே ஐப்பசிக்கு முன் செய்துகொண்டிருந்து இப்போது முடியாத வேலைகள் எவை, எடை அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எல்லா மருந்துகளையும், டானிக் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகம், வைட்டமின் டி ஆகியவற்றோடு வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நெடுங்காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது குறையக்கூடும், குறைந்தால் சோர்வும் கால் மரத்துப்போதலும் நடைத் தடுமாற்றமும் வரும், ஊசியாலும் மாத்திரையாலும் அதைச் சரிசெய்ய முடியும். நிமோனியாவுக்குப் பிறகும் எடை குறைந்துகொண்டே போனால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் தள்ளிப்போட வேண்டியவை அல்ல. மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துப்போக முடியாது என்று எழுதியிருந்தீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள்.